பகைவனைக் காட்டாத பள்ளி

கைக்குழந்தைகளின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால், சிலருக்கு இதயத்தின் நிழலை ஒட்டி, பெரும்பாலும் வலப்பக்கமாக, ஒரு முக்கோண நிழல் விழுந்திருக்கும். அடிவிளிம்பு நேராக, பக்கவிளிம்பு சரிந்து, காற்றுப் பிடித்த பாயின் வடிவம். பழகாத கண்ணுக்கு நுரையீரலில் சளி கட்டியது போலத் தோன்றி வயிற்றைக் கலக்கும். பழகிய வைத்தியர் அதைப் பாய் என்றே பெயர் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை என்று படத்தைக் கீழே வைப்பார். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடலாகப் படர்ந்து கிடக்கும் தைமஸ் சுரப்பி அது. பிறக்கும்போது சுமார் 15 கிராம் இருக்கும். பருவ வயதில் 30, 40 கிராம் வரை வளரும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் பாய் விரித்த தோணிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். தங்கள் நெஞ்சுக்குள்ளும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பாய் விரிந்திருக்கலாம் என்று அவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. நானும் மிகப் பிந்தியே அறிந்தேன். அறிந்த பிறகு, கோணேசர் மலையில் பூசை முடிந்து கடலைப் பார்த்து உட்காரும் வேளைகளில் மனம் அந்த உறுப்பிடமே போய் நிற்கிறது. அங்கே நடக்கும் காரியம் அப்படிப்பட்டது.

1961 வரை இந்த உறுப்பு எதற்கென்று எவருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வளர்ந்த விலங்கிலிருந்து அதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் நேராதது போலவே இருந்தது. வெள்ளைக் குருதிக் கலங்கள் வந்து மடிகிற மயானம் என்று அதைச் சொன்னவர்களும் உண்டு. இலண்டனில் எலிகளின் இரத்தப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனேயே தைமஸை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். அந்தக் குட்டிகள் சில வாரங்களில் மெலிந்து, தொற்றுகளில் விழுந்து இறந்தன. வேறு இன எலியின் தோலை அவற்றின் மீது ஒட்டினால், அந்த உடம்பு அதை உதறவில்லை. மில்லர் சிறுவயதில் ஷாங்காயில் இருந்தவர். அங்கே அவருடைய அக்கா காசநோயால் இறந்துபோனார். உடம்பு நோயை எதிர்ப்பது எப்படி என்ற கேள்வி அந்த மரணத்திலிருந்தே தமக்குள் வளர்ந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு தம்பியின் துயரம் அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்து, கடைசியில் எல்லோருடைய நெஞ்சிலும் இருந்த ஓர் உறுப்பின் பொருளைக் கண்டெடுத்திருக்கிறது.

என்பு மச்சையில் பிறந்து, குருதியோடு வந்து தைமஸுக்குள் நுழையும் கலத்துக்கு அந்நேரம் தனக்கென ஒரு முகம் கிடையாது. அது வேறு வகைக் கலமாகவும் ஆகியிருக்கலாம். உள்ளே வந்ததும், தைமஸின் கலங்கள் தாங்கி நிற்கும் ஒரு புரதம், வந்த கலத்தின் மேலுள்ள நொட்ச் என்ற புரதத்தைத் தொடுகிறது. அந்தத் தொடுகையே அதை, நோயை எதிர்க்கும் ரி கலமாகும் வழியில் திருப்புகிறது. நொட்ச் இல்லாதபடி மரபணுவை மாற்றிய எலிகளில், அதே இடத்துக்கு வந்த அதே கலங்கள், நோயெதிர்ப்பின் இன்னொரு வகையான பி கலங்களாகிவிட்டன. ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைச் சொல்லும். தனக்கென நிறம் இல்லாமல், எதைச் சேர்ந்ததோ அதன் நிறமாகவே நிற்றல். கலம் சடம், உயிர் சித்து, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசலாமா என்று சித்தாந்தம் கற்றவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். நான் ஒன்றாக்கவில்லை. சேர்க்கை ஒன்றின் தலைவிதியை எவ்வளவு ஆழத்துக்கு மாற்றும் என்பதைச் சடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறதே என்றுதான் கைகூப்புகிறேன்.

அடுத்து அந்தக் கலம் செய்வது இன்னும் துணிச்சலானது. தன் மரபணுவைத் தானே வெட்டுகிறது. பி கலங்களைத் தவிர உடம்பில் வேறெந்தக் கலமும் இந்த வேலைக்குப் போவதில்லை. பல துண்டுகளில் ஏதோ சிலவற்றைப் பொறுக்கி, ஓரங்களில் சில எழுத்துகளைச் சேர்த்தும் கழித்தும் ஒட்டி, தனக்கே உரிய ஓர் ஏற்பியை ஆக்கிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் கலத்தின் ஏற்பி வேறு வடிவம். இப்படிக் கோடிக்கணக்கான வடிவங்கள். பி கலங்களில் இந்த வெட்டி ஒட்டும் வித்தையைக் கண்டறிந்ததற்காக ஜப்பானியரான சுசுமு தொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். ரி கலத்தில் நடப்பதும் அதே வித்தைதான். நாளை எந்தக் கிருமி வரும் என்று குழந்தையின் உடம்புக்குத் தெரியாது. தெரியாததால் எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே பிறப்பித்து வைக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிறப்பித்தால், அவற்றுள் சில சொந்த உடம்பையே பற்றிக்கொள்ளும் வடிவங்களாக அமைந்துவிடும். அதனால்தான் சோதனை வருகிறது.

தைமஸின் வெளிப்பகுதியான புறணியில் முதற் சோதனை. அங்குள்ள கலங்கள் உடம்பின் சொந்தப் புரதத் துணுக்குகளை ஒரு தாங்கியில் ஏந்தி நிற்கின்றன. இளம் கலம் அந்தத் தாங்கியை மெல்லத் தொட்டு உணர வேண்டும். உணர்ந்தால் வாழும். உணரத் தெரியாத கலத்தை யாரும் கொல்வதில்லை. வாழ் என்ற சைகை அதற்குக் கிடைக்காமலே போகிறது. மூன்று நான்கு நாள் காத்திருந்து அடங்கிவிடுகிறது. தாங்கியில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையைத் தொட்டுணர்ந்த கலம், நோயுற்ற கலங்களை அழிக்கும் கொல்கலமாகிறது. மற்ற வகையைத் தொட்டது, பிற கலங்களைத் தூண்டி வழிநடத்தும் உதவிக்கலமாகிறது. எந்தக் கலம் எந்தத் தொழிலுக்கு என்பதையும் அந்த ஒரு தொடுகையே முடிவுசெய்கிறது.

பிறகு கலம் உள்ளே, மையப் பகுதிக்கு நகர்கிறது. அங்கேயும் காட்டப்படுவது சொந்த உடம்புதான். கேள்வி மட்டும் தலைகீழாகிறது. இறுகப் பற்றுகிறாயா? பற்றினால் அந்தக் கலத்துக்கு அங்கேயே முடிவு.

தொடத் தெரியாமலும் இருக்கக்கூடாது, தொட்டதை இறுகப் பற்றவும் கூடாது. தியானத்தில் அமர முயன்ற எவருக்கும் இந்த இடைவழி எவ்வளவு ஒடுங்கியது என்று தெரியும். உலகத்தைத் தொடாமல் விலகினால் நெஞ்சு வறண்டுபோகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒத்த மனதோடு ஏற்கும் நிலையை இருவினையொப்பு என்கிறோம். அதைப் புத்தகத்தில் படித்தபோது எட்டாத உயரமாகவே தோன்றியது. நம்முள்ளே உலவும் ஒவ்வொரு ரி கலமும் அத்தகைய ஒரு நடுவழியைக் கடந்துதான் குருதிக்குள் வந்தது என்று அறிந்தபோது, உயரம் குறையவில்லை, ஆனால் அந்நியமாகத் தோன்றவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். இன்சுலினைச் சுரப்பது கணையம். கண்ணுக்குள் இருக்கும் புரதம் கண்ணுக்குரியது. இவையெல்லாம் சொந்தம் என்று நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் இளம் கலத்துக்கு யார் சொல்வது? தைமஸின் மையத்திலுள்ள சில கலங்கள் எயர் என்ற மரபணுவின் துணையோடு, தங்களுக்குத் தேவையே இல்லாத ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறிதளவு ஆக்கிக் காட்டுகின்றன. கணையத்தின் இன்சுலின், தைரொயிட்டின் புரதம், கண்ணினது, தோலினது. சில கலங்கள் தசையைப் போலவும் குடற்சுவரைப் போலவும் உருவமே எடுத்து நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே நுணுக்குக்காட்டியில் தைமஸுக்குள் தசைக்கலங்களைக் கண்டவர்கள், இது இங்கே எதற்கு என்று விளங்காமல் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். எயர் பழுதானால் ஓர் அரிய பரம்பரை நோய் வருகிறது. அதில் உடம்பு தன் சுரப்பிகளையே ஒவ்வொன்றாகத் தாக்கும்.

கோணேசர் மலையைத் தென்கயிலாயம் என்கிறோம். ஆதிசேடனும் வாயுவும் வலிமை காட்டியபோது பெயர்ந்து விழுந்த சிகரங்களில் ஒன்று திருக்காளத்தி, ஒன்று திருச்சிராப்பள்ளி, ஒன்று இந்த மலை என்பது புராணம். வடக்கே போக முடியாதவனுக்கு வடக்கிலுள்ளது இங்கே வந்து நிற்கிறது. அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில் என்று சொல்லிக்கொள்கிறோம். பிண்டத்துக்குள்ளும் இன்னும் ஒரு சிறு இடம், உடம்பு முழுவதையும் தன்னுள் வரவழைத்து, ஒரு கலத்துக்குக் காட்டி, இதெல்லாம் நீதான் என்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் சந்நிதியில் நிற்கும் உணர்வே எனக்கு வருகிறது.

இந்தப் பயிற்சி முழுவதிலும் பகைவன் ஒரு தடவைகூடக் காட்டப்படுவதில்லை. பாடநூல்கள் தைமஸைப் பள்ளிக்கூடம் என்று அழைக்கும். அப்படியென்றால் இது எதிரியின் படத்தைச் சுவரில் மாட்டாத பள்ளி. காசநோய்க் கிருமி இப்படி இருக்கும், அம்மை வைரசு இப்படி இருக்கும் என்று அங்கே எந்தப் பாடமும் கிடையாது. காட்டுவதெல்லாம் சொந்தத்தை. கற்பிப்பதெல்லாம் சொந்தத்தை நோகாமல் விடுவதை. அதை மட்டும் கற்றுத் தேர்ந்து வெளியே வந்த கலம், பிறகொரு நாள் முன்பின் அறியாத கிருமியைச் சந்தித்துத் தன் கடமையைச் செய்கிறது. எதிரியை நினைத்து நினைத்தே காவலைப் பழக வேண்டும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். உடம்பு அப்படிப் பழகவில்லை.

இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில், அடுத்தடுத்த வள்ளங்களில் வாழ்கிறோம். பல பத்தாண்டுகள் ஒருவருக்கொருவர் அஞ்சியும் வாழ்ந்தோம். மனிதரைக் கிருமி என்றும் புற்று என்றும் சொல்லும் பேச்சு எங்கள் காதுகளில் விழுந்திருக்கிறது. உடம்பைச் சாட்சிக்கு இழுத்து அப்படிப் பேசுகிறவர்களுக்கு உடம்பைத் தெரியாது. நம் குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் உண்ணும் மீனும் சோறும் பிற உயிர்களின் உடம்பு. தாயின் வயிற்றில் வளரும் பிள்ளையின் பாதி தந்தையினுடையது. இவை எதன்மீதும் ஆரோக்கியமான உடம்பு போர் தொடுப்பதில்லை. அந்நியம் என்ற ஒரே காரணத்துக்காகத் தாக்குவது உடம்பின் நோய், ஒவ்வாமை என்று அதற்கு வைத்தியம் பார்க்கிறோம். தைமஸிலிருந்து நூற்றுக்கு ஐந்து கலங்கள்கூட உயிரோடு வெளியே வருவதில்லை என்பதும் உண்மை. பலர் போனால்தான் சிலர் வாழலாம் என்று இதற்குப் பொருள் சொல்ல யாராவது வந்தால், நான் ஏற்கமாட்டேன். கலத்துக்குத் தாய் இல்லை, அழுது காத்திருக்கும் வாசல் இல்லை. மனிதருக்கு இரண்டும் உண்டு.

அந்தக் கலங்களின் மரணமும் அமைதியாகவே நடக்கிறது. கலம் தன்னைத் தானே மடித்துக்கொள்கிறது, பக்கத்திலுள்ள விழுங்கு கலம் அதை உட்கொண்டு அதன் பொருளை உடம்புக்கே திருப்பித் தருகிறது. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தூங்கிக்கொண்டிருக்கும்.

சொந்தத்தின்மீது பற்றுக் கொஞ்சம் கூடிப்போன எல்லாக் கலங்களும் சாவதில்லை. என்னை ஆழமாகத் தொட்டது இந்தச் செய்திதான். இறுகப் பற்றியவை மடிகின்றன. மெல்லத் தொட்டவை காவலுக்குப் போகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், பற்று மிகுந்தும் மடியாமல் தப்பிய சில, அடக்கும் கலங்களாக மாறுகின்றன. மற்றக் காவலர்கள் எல்லை மீறும்போது அவர்களைச் சாந்தப்படுத்துவதே இவற்றின் தொழில். 1969இல் ஜப்பானில், பெண் எலிக்குட்டிகளின் தைமஸைப் பிறந்த மூன்றாம் நாளில் எடுத்தபோது, அவற்றின் சூலகம் அழிந்துபோனதைக் கண்டார்கள். சொந்த உடம்பே அதை அழித்திருந்தது. எலிகளில் தாக்கும் கலங்கள் முதல் சில நாட்களிலேயே தைமஸை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றன, சாந்தப்படுத்தும் கலங்கள் சற்றுப் பிந்தியே வெளிவருகின்றன. மூன்றாம் நாள் கதவை அடைத்தால் வாள் வெளியே, சாந்தம் உள்ளே. சிமோன் சகாகுச்சி அந்த எலிகளுக்கு நல்ல எலியின் ரி கலங்களை ஏற்றி நோயைத் தடுத்தார். 1995இல் அந்தச் சாந்தக் கலங்களை அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் பொக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். அந்தக் கலங்களை ஆள்வது அந்த மரபணுவே என்பது பின்னர் தெளிவானது. மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்பு மிகுந்தவர்களைக் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். அந்த அன்பே சிலரிடம் பிடிவாதமாகி வீட்டை எரிக்கிறது. சிலரிடம் அதே அன்பு, சண்டை மூளும்போது நடுவில் வந்து நின்று, இரண்டு பக்கத்தையும் அடக்குகிறது. பற்றை முழுதாக அறுத்துவிட எல்லோராலும் முடியாது, அதை நல்ல இடத்தில் திருப்பிவிடு என்று எங்கள் பெரியவர்கள் பக்தியைப் பற்றிச் சொல்வார்கள். தைமஸ் அப்படித் திருப்பிவிடுகிறது.

பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே இடது புயத்தில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, முப்பத்தொரு நாள் கழித்துத் துடக்கு நீங்கும் நாட்களை ஒட்டி, அந்த இடத்தில் ஒரு சிறு பரு எழும்பும். பிறகு பழுக்கும். இளம் தாய்க்குப் பயம் பிடித்துவிடும்.

“மிஸ், பிள்ளைக்கு ஊசி போட்ட இடம் பழுக்குது. மஞ்சள் வைக்கட்டா எண்டு மாமி கேக்கிறா.”

“ஒண்டும் பூச வேணாம் தங்கச்சி. அப்படித்தான் வரும். தானா ஆறி ஒரு தழும்பு நிக்கும். அந்தத் தழும்பைத்தான் நாங்களும் பார்ப்பம்.”

கிளினிக்கில் இந்த உரையாடல் ஓயாமல் நடக்கும். அந்தப் பருவில் கூடியிருப்பவற்றில் முக்கியமானவை, நெஞ்சுக்குள் சொந்தத்தை மட்டும் கற்று வெளிவந்த ரி கலங்கள். அவை முதன்முறையாக ஓர் அந்நியத்தை, அதுவும் வலுக்குறைத்த ஒன்றை, நேரில் காண்கின்றன. மில்லரின் அக்காவைக் கொண்டுபோன நோயின் கிருமிக்கு உறவான கிருமி அது. பிள்ளையை யாரும் கண்வைக்காமல், கண்டவர் தூக்காமல், வீட்டார் வாசலிலேயே கை கால் கழுவி உள்ளே வந்து பாதுகாக்கும் அதே முப்பத்தொரு நாளும், உள்ளே தைமஸ் தன் வாழ்நாளின் மும்முரமான வேலையில் இருக்கிறது. இரண்டு காவலையும் நான் வணங்குகிறேன்.

முதுமையில் தைமஸ் ஏறக்குறைய கொழுப்பாகிவிடும். புதிய கலங்கள் மிகக் குறைவாகவே வரும். இளமையில் வெளியே போனவை வெளியிலேயே பெருகி, கடைசிவரை உடம்பைக் காக்கும். ஆனாலும் சுருங்கிய அந்த மிச்சமும் வீணல்ல. 2023இல் போஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நெஞ்சுச் சத்திரசிகிச்சையின்போது தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்கள் ஐந்து ஆண்டுக்குள் இறந்த வீதம், அதுபோன்ற சிகிச்சையில் தைமஸ் எடுக்கப்படாதவர்களினதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கண்ணுக்குத் தெரியாமல் ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த ஒன்று, ஓய்ந்திருக்கவில்லை.

கோணேசர் மலையின் விளிம்பில், பிள்ளை வரம் கேட்பவர்கள் மரத்தில் சிறு தொட்டில்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். அநுராதபுர வீதியில் உள்ளே திரும்பினால் கன்னியா. தாயை இழந்தவர்கள் கிரியை செய்ய வரும் இடம். தன் தாய்க்குக் கடன் செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்த, ஏழிலும் வெந்நீர் பீறிட்டது என்பது கதை. அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதன் சூடாக இருக்காது. தாய்க்காகத் தலையில் வார்த்துக்கொள்ளும் அந்த நீரில் நின்றவர்கள் பலரை நான் அறிவேன்.

அவர்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரு செய்தி உண்டு. கர்ப்பத்தில் இருக்கும்போது பிள்ளையின் கலங்கள் சில தாயின் குருதிக்குள் போகின்றன, தாயின் கலங்கள் சில பிள்ளைக்குள் வருகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டு கழிந்த ஒரு தாயின் குருதியிலும் ஆண் கலங்களைக் கண்டதாக 1996இல் டயானா பியாங்கியின் குழு எழுதியது. பிள்ளைக்குள் வந்த தாயின் கலங்களைப் பிள்ளையின் உடம்பு ஏன் விரட்டவில்லை என்று தேடியவர்கள், 2008இல் விடையின் ஒரு பகுதியைக் கண்டார்கள்: கருவிலிருக்கும் பிள்ளையின் உடம்பில் தாயின் கலங்களுக்கென்றே சாந்தக் கலங்கள் உருவாகியிருந்தன. தன் ரி கலங்கள் தாயைத் தாக்காதபடி, பிறக்கும் முன்பே பிள்ளை அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. அப்படித் தங்கிய தாயின் கலங்கள் வளர்ந்த பிள்ளைகளின் உடம்பிலும் காணப்பட்டிருக்கின்றன. கன்னியாவில் ஈர உடுப்போடு நின்று தாயை வழியனுப்புகிற மகனிடம், மகளிடம், அவளுடைய உயிருள்ள கலங்கள் இன்னும் சில இருக்கக்கூடும்.